பிஸ்கோத் இன்னும் உள்ளே இருக்கிறது

பிஸ்கோத் யார், அது ஏன் இன்னும் உள்ளே இருக்கிறது? இன்று காலை தொலைபேசியில் என்னைக் கேட்டார்கள். கேள்வியின் முதல் பாதிக்கு விடை தெரியும். இரண்டாம் பாதிக்கு நேர்மையான விடை என்னிடம் இல்லை.

கேட்டவர் பிரகாஷ். நம் ஆய்வு நிறுவனத்தின் சர்வருக்குள் யார் யார் வரலாம் என்று ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கிற தணிக்கையாளர். நந்தனத்தில் அவருடைய அலுவலகம். உனக்குப் பிறகு வந்தவர், அதனால் உன்னைத் தெரியாது.

"மேடம், பிஸ்கோத்னு ஒரு யூசர் இருக்கே. ஹெச்.ஆர். குடுத்த லிஸ்ட்ல அப்படி யாருமே இல்லையே. டெஸ்டிங்குக்குப் போட்டதா?"

"இல்லை. ஸ்டாஃப் ஒருத்தங்க."

"ரிசைன் பண்ணிட்டாங்களா?"

"இறந்துட்டாங்க."

சாரி மேடம் என்றார். பிறகு தன் வேலைக்குத் திரும்பினார். "எப்போ மேடம்?"

"பத்து மாசம் ஆச்சு."

"ஆனா பத்து மாசமா லாகின்லயே இருக்காங்களே, மேடம்."

இதைக் கேட்டிருந்தால் நீ நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. பணியில் இல்லாதவர்களின் பயனர் கணக்குகளை ஒரு வாரத்துக்குள் மூட வேண்டும் என்று நம் விதிகளில் இருப்பதை அவர் படித்துக் காட்டினார். கீழே யார் கையெழுத்து என்பதையும் சொன்னார். என்னுடையதுதான். நாளைக் காலை பத்து மணிக்குள் மூடிவிட்டால் அறிக்கையில் ஏறாது, நீங்களே பாத்துக்குங்க மேடம் என்று மரியாதையாக முடித்தார்.

அழைப்பு முடிந்ததும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தேன். வழக்கமான பெயர்களுக்கு நடுவில் உன் பிஸ்கோத்.

ஆவி, மறுமை குறித்தெல்லாம் என் கருத்து உனக்குத் தெரியும். அதில் மாற்றமில்லை. உன் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் ஒரு வெற்றுக் கோப்பு. சர்வரை இயக்கும் லினக்ஸில் ஒருவர் உள்ளே வந்ததும் அவருக்கு ஓர் அமர்வு, அதாவது செஷன், திறக்கிறது, வெளியேறியதும் மூடுகிறது. மூடும்போது அவர் ஓடவிட்ட நிரல்களையும் நிறுத்துவதா, விட்டுவைப்பதா என்பது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. ஆம் அல்லது இல்லை. ஆம் என்று எழுதிவிட்டாலும் ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். அதற்கென்று உள்ள இடத்தில் அவருடைய பெயரில் ஒரு கோப்பு இருந்தால் போதும், உள்ளே ஓர் எழுத்துகூட வேண்டாம். அவர் வெளியேறினாலும் அவருடைய நிரல்கள் நிற்காது. இயந்திரத்தை அணைத்துப் போட்டாலும் தாமாகவே மறுபடி எழுந்துகொள்ளும். அப்படி ஒரு கோப்பு உன் பெயரில் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அது ஏன் இருக்கிறது என்பதுதான் நீண்ட கதை. உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ள நாம் வேலையில் சேர்ந்த அன்று இருவரையும் பயனர் பெயர் கேட்டார்கள். நான் இனிஷியலோடு என் பெயரைக் கொடுத்தேன். நீ உங்கள் சாந்தோம் வீட்டுப் பூனையின் பெயரைக் கொடுத்தாய். மாத்தச் சொல்லுவாங்க என்றேன். "சொல்லட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்றாய். ஒருவரும் சொல்லவில்லை. உன் வாழ்க்கையில் பாதி விஷயங்கள் அப்படித்தான் நடந்தன. எனக்கோ, என் பெயரிலேயே ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று மூன்று முறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

புதிய லினக்ஸ் பதிப்பை ஏற்றிய ஆண்டில் அந்த ஒரு வரிக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கும். சர்வரின் நினைவகத்தில் பாதி, எப்போதோ போய்விட்டவர்களின் நிரல்களால் அடைந்து கிடந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஒருவருடைய நிரல் இங்கே அடையாறில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் 'ஆம்' என்று எழுதினேன். வெளியேறினால், இணைப்பு அறுந்தால்கூட, எல்லாம் நிற்கும். கூடவே, பத்து நிமிடம் யாரும் தொடாத திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். எல்லாருக்கும் முறையாக மின்னஞ்சல் அனுப்பினேன்.

அந்த வாரம் நம் அறை வாசலில் கூட்டம். மாம்பலத்தில் ரயில் ஏறும்போது மடிக்கணினியை மூடியவரின் கணக்கீடு போயிற்று. ஹாஸ்டலில் வைஃபை விட்டுப்போனவருடையதும் போயிற்று. மின்னஞ்சல் அனுப்பினேனே என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அவர்கள் போன பிறகு நீ கதவைச் சாத்தினாய்.

"மெயில் அனுப்பிட்டா ஆச்சா? இன்னா கோர்ட்டா இது, சம்மன் ஒட்டிட்டு வர்றதுக்கு?"

"நாலு பேர் விட்டுட்டுப் போன குப்பைக்காக மத்தவங்க எல்லாம் காத்துக் கிடக்கணுமா?"

"குப்பைன்னு உனக்கு யார் சொன்னது? எல்லாரையும் வெளிய தள்ளிக் கதவ சாத்தினாத்தான் உனக்குத் தூக்கம் வருமாடி, மாமி?"

மேற்கு மாம்பலத்துக்காரி என்பதால் நீ எனக்கு வைத்த பட்டம் அது. கோபத்தில் மட்டும் 'மாமி' இன்னும் கொஞ்சம் நீளும்.

நீ என் வரியைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நான் எளிதாக ஜெயித்திருப்பேன். அதற்குப் பதிலாக உன் பெயரில் ஒரு கோப்புறையைத் திறந்தாய். நீண்ட கணக்கீடு வைத்திருப்பவர்கள் அதில் கோப்பைப் போட்டுவிட்டுப் போகலாம். உன் நிரல் ஒன்று அதை எடுத்து, உன் பெயரிலேயே வரிசையாக ஓடவிடும். உன் பெயருக்கு அந்த விலக்குக் கோப்பு. அவரவர் நிம்மதியாக மடிக்கணினியை மூடிக்கொண்டு ரயில் ஏறலாம்.

"யாரோ எழுதினது உன் பேர்ல ஓடுது. நாளைக்கு ஒருத்தன் ஏடாகூடமா எதையாவது ஓட்டினா?" என்று கேட்டேன்.

"ஓட்டினா என்னைக் கேப்பாங்க. கேக்கட்டும். எனக்கு வாய் இல்லையா?"

உனக்கு வாய் இருந்தது என்பதை மறுக்க முடியாமல் அந்த விவாதத்தை விட்டேன்.

பிரகாஷின் அழைப்புக்குப் பிறகு இன்று முழுவதும் எனக்கு இன்னொரு நாள் நினைவில் வந்துகொண்டே இருந்தது. உள்நுழைவு அமைப்பை மாற்றும்போதெல்லாம் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி ஏற்கெனவே திறந்த அமர்வோடு உள்ளே உட்கார்ந்திருப்பாள். மற்றவள் அடுத்த மேசையிலிருந்து புதிதாக நுழைந்து பார்ப்பாள். நுழைய முடிந்தது என்று உறுதியான பிறகே முதலாமவள் எழுந்திருக்கலாம். மாற்றியதில் பிழை இருந்தால் புதிதாக எவராலும் நுழைய முடியாது. திறந்திருக்கும் அந்த ஓர் அமர்விலிருந்துதான் சரிசெய்ய வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருத்தியின் அமர்வில் மற்றவள் ஓர் எழுத்துகூட அடிக்கக் கூடாது. பின்னால் பார்க்கும்போது யார் என்ன செய்தார்கள் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். அது என் சட்டம். நீ அதை நாள்தோறும் கேலி செய்தாய், மீறியதில்லை.

அன்று உள்ளே இருந்தது நான். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ஏதோ ஒரு வரியைப் பிசகாக மாற்றியிருந்தேன். உன்னால் நுழைய முடியவில்லை. அந்த நேரம் பார்த்து இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு: டெல்லியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், உடனே வரவும். நான் எழுந்தேன்.

"உக்காருடி! பத்து நிமிஷம் தொடலைன்னா பூட்டிக்கணும்னு எழுதி வெச்சது யாரு? பூட்டிச்சுன்னா தெறக்க பாஸ்வேர்ட் கேக்கும். பாஸ்வேர்ட் கேக்கற எடத்துலதானே இப்ப ஓட்டை?"

"அப்ப நீ வந்து உக்காரு. நான் மாத்தின வரியைப் பழையபடி ஆக்கிடு."

"உன் செஷன்ல நான் ஒரு எழுத்து அடிக்க மாட்டேன்."

"விளையாடாதே. டைரக்டர் கூப்பிடறார்."

"வெளையாடல. உன் சட்டம்தான். போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்."

திரும்பி வருவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமே கடந்துவிட்டது. நீ என் நாற்காலியில் சாய்ந்து, இடது கைச் சுண்டுவிரலால் அவ்வப்போது ஷிப்ட் விசையைத் தட்டிக்கொண்டிருந்தாய். வலது கையால் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான்கைந்து பேர். சர்வர் டவுனா என்று கேட்டவர்களிடம், "சர்வர் சாப்டுகினு கீது, அப்புறமா வாங்க" என்று சொல்லியிருக்கிறாய்.

"ஷிப்ட் அடிச்சா எழுத்து எதுவும் விழாது. ஆனா ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியும்" என்று விளக்கம் கொடுத்தாய்.

"அது என் டப்பா."

"செஷன்லதான் கை வெக்கக் கூடாது. டப்பாவைப் பத்தி சட்டம் எதுவும் இல்லையே."

பசியோடு உட்கார்ந்து அந்த வரியைச் சரிசெய்தேன். சாயங்காலம் மயிலாப்பூர் லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கி நீ எனக்கு வாங்கிக் கொடுத்த போண்டா ஆறிப்போயிருந்தது. அதையும் குறை சொன்னேன்.

மயிலாப்பூர் மருத்துவமனையில் நீ இருந்த வாரங்களில் நாம் வேலையைப் பற்றிப் பேசியதே இல்லை எனலாம். பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகள் கொண்டுவருகிற ரசத்தைப் பற்றி, நர்ஸுகளின் டியூட்டி மாற்றங்களைப் பற்றி, உன் தம்பி தாடி வளர்ப்பதைப் பற்றி நிறையப் பேசினாய். ஒரே ஒருநாள், நான் கிளம்பும்போது கேட்டாய்: "ஏன்டி, என் பாஸ்வேர்ட் எதாச்சும் வாங்கி வெச்சிக்கிறியா?"

"சர்வருக்கே நான்தான் நிர்வாகி. உன் பாஸ்வேர்ட் எனக்கு எதுக்கு?"

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக, நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். இருவரும் நிலைமையைத் தெரிந்துதான் பேசினோம். அதைத் தாண்டிச் சொல்லிக்கொள்ள எனக்கு வரவில்லை. உனக்கு வந்திருக்கும், எனக்காக விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று உங்கள் மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்வரிசைக்காரர்களைப் பார்த்துச் செய்தேன். அந்த வாரமே உன் பயனர் கணக்கை மூட உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை முடக்கினேன், இனி உன் பெயரில் யாரும் நுழைய முடியாது. அடுத்த கட்டளை, உன் பெயரில் ஓடுவதை எல்லாம் நிறுத்துவது. அடிப்பதற்கு முன் பார்த்தால் நான்கு பேருடைய கணக்கீடுகள் ஓடிக்கொண்டிருந்தன. முடியட்டும் என்று விட்டேன். அவை முடிவதற்குள் வேறு இருவர் கோப்புறையில் போட்டிருந்தார்கள். அது காலியாகவே இல்லை. காலியானால் மூடிவிடலாம் என்று பத்து மாதம் இருந்துவிட்டேன். அது காரணமா, சாக்கா? பிரகாஷுக்கு நான் சொல்ல முடியாத விடை இதுதான். உன்னிடமும் சொல்ல முடியவில்லை.

அவர் பேசி முடித்தவுடன், பிஸ்கோத் கோப்புறையில் இப்போது யாருடைய வேலை ஓடுகிறது என்று எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டேன். வழக்கம்போல் அதை ஒருவரும் படிக்கவில்லை. ஆய்வு மாணவி ஒருத்தி மட்டும் மதியம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பெயர் ஷாலினி. திருவான்மியூரில் வீடு. கடற்கரை ஓரத்தில் உப்பு நீர் நிலத்தடியில் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. வீட்டு போர்வெல் தண்ணீரே உப்பாகிவிட்டதாம், அதில் தொடங்கிய ஆர்வம்.

"மேடம், என் ரன்தான் போயிட்டிருக்கு. நிறுத்திடாதீங்க, ப்ளீஸ்."

"எப்ப முடியும்?"

"நாளைக்கு மத்தியானம். மிஞ்சிப்போனா சாயங்காலம். மூணு வாரமா ஓடுது, மேடம். இந்த மாசத்தோட என் ஃபெலோஷிப் முடியுது. மறுபடி முதல்லேருந்து ஓட்ட டைம் இல்லை."

"நடுவுல சேவ் பண்ணிக்கற மாதிரி எழுதலையா?"

இல்லை என்று தலையசைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. "மூணு வாரம் ஓடற ப்ரோக்ராமை யாராவது இப்படி எழுதுவாங்களா?"

"பிஸ்கோத்ல போட்டா நிக்கவே நிக்காதுன்னு சீனியர்ஸ் சொன்னாங்க, மேடம்."

"பிஸ்கோத்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

அவள் விழித்தாள். "க்யூ சாஃப்ட்வேர்தானே மேடம்?"

இல்லை என்று ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. கிட்டத்தட்ட என்று சொல்லி அனுப்பினேன்.

இதைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். குக்கர் இரண்டாவது விசில் அடிக்கிறது. காலை பத்து மணிக்கு மூட வேண்டும். மூடினால் அந்தப் பெண்ணின் மூன்று வாரம் போகும், அநேகமாக அவளுடைய ஆய்வும் போகும். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஒரு பெயரிலிருந்து கழற்றி இன்னொரு பெயரில் மாட்ட முடியாது. அதற்கு லினக்ஸில் வழி இல்லை. மூடாவிட்டால், நானே கையெழுத்துப் போட்ட விதியை நானே மீறியதாக அறிக்கையில் வரும். இத்தனை ஆண்டில் என் பெயர் எந்த அறிக்கையிலும் வந்ததில்லை. அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

நீயாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாய். ஆனால் உன் வழி சரி என்று இப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் பெயரில் இன்னொருவருடைய வேலை ஓடினால், கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லையா என்று கேட்டாயே. இன்று காலை உன்னைத்தான் கேட்டார்கள். நீ இல்லை.

மறுநாள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு நானே பிரகாஷை அழைத்தேன். "அந்த யூசரை இன்னும் மூடலை. ஒரு ஸ்டூடண்டோட ரன் ஓடிட்டிருக்கு. அது முடியாம மூட மாட்டேன்" என்றேன்.

"மேடம், பாலிசி நீங்க எழுதினதுதான்..."

"தெரியும். நான் எழுதினதுதான்."

பெருமூச்சு விட்டார். "சரி, எக்செப்ஷன்னு போட்டுடறேன். ஆனா அதுக்கு ஓனர்னு ஒருத்தர் வேணும், மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க."

"உங்க பேரையே போட்டுடட்டுமா?"

"போடுங்க. ஸ்பெல்லிங் சரியாப் போடுங்க."

அறிக்கையில் ஏறிவிட்டது. மதியம் இயக்குநர் கூப்பிட்டு, உங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்றார். நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னேன்.

ஷாலினியின் கணக்கீடு மூன்றரை மணி வாக்கில் முடிந்தது. முடிவுகளைத் தன் வன்வட்டில் இரண்டு முறை நகலெடுத்துக்கொண்டாள். சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் மேடம் என்றாள். நல்ல பதில். அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது அப்போதுதான்.

அவள் போன பிறகு உன் விலக்கை நீக்கினேன். உன் பெயரில் ஓடிய எல்லாவற்றையும் நிறுத்தும் கட்டளையை அடித்தேன். சொன்னது சரியாக நடந்தால் லினக்ஸ் ஒன்றும் சொல்லாது, அடுத்த வரிக்கு வந்து நிற்கும். வந்து நின்றது. பட்டியலில் நீ இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு உன் நிரலை என் பக்கம் நகலெடுத்து, அதில் உன் பெயர் இருந்த இடங்களில் என் பெயரை எழுதினேன். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதாத எதையும் அது இனி ஏற்காது என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். அதற்கு நீ சண்டை போட்டிருப்பாய். கடைசியாக எனக்கு நானே விலக்குக் கொடுத்துக்கொண்டு, கோப்புறை மாறிவிட்டது என்று அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டினேன். மின்னஞ்சல் அனுப்பவில்லை.

ஐந்தரைக்கு நான் வெளியேறும்போது என் பெயரில் ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. யார் போட்டது என்று பார்க்காமல் பஸ் ஏறினேன்.